சுத்தறதுக்குத்தான் பொட்டு

புகை உள்ளே போக வேண்டும். போகவில்லை. துளசிமணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊதுபத்தியைக் கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்க வலைக்கு நேராகப் பிடித்திருந்தாள். புகை வலை வரைக்கும் போயிற்று, அழைக்காத வீட்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி கொஞ்சம் தயங்கிற்று, அப்புறம் திரும்பி வந்து அவள் மூக்கிலேயே ஏறிற்று. கண் எரிந்தது. கை நடுங்கியிருக்கும் என்று இன்னொரு தடவை பிடித்தாள். இந்தத் தடவையும் முகத்துக்குத்தான் வந்தது. இதெப்படி? முன்னால் இருக்கிற ரெண்டு ஃபேனும் காற்றை உள்ளே இழுக்கிறவை, பின்னால் இருக்கிற ஒன்று வெளியே தள்ளுகிறது, அப்படித்தான் அவளே கையால் திருகாணி முறுக்கி வைத்தது, அதில் மாற்றமே கிடையாது. பத்தியைப் பின்பக்கம் கொண்டுபோனாள். ஒயர் சொருகுகிற ஓட்டைகளுக்குப் பக்கத்தில், எதுவும் நுழையக் கூடாத அந்த இண்டு இடுக்குகளில், புகை அவசர அவசரமாக உள்ளே ஓடிற்று. வாசலால் வர வேண்டியது சந்தால் வருகிறது, சந்தால் கசிய வேண்டியது வாசலால் போகிறது. பெட்டி வேறு மாவு மில் மாதிரி கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் அம்மா ஊரிலிருந்து திரும்பி வந்ததிலிருந்து இதே சத்தம்தான். நேற்று ஒரு பூச்சட்டைக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள், பாதி இதழில் இருக்கும்போது பெட்டி சூடு தாங்காமல் தானாகவே அணைந்துபோயிற்று. சர்வீஸ் பண்ணின பெட்டி இப்படியா இருக்கும்? அடுத்த அறையில் புருசன் லோகநாதன் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சர்வீஸுக்கு விட்டது அவன்தான். "நீ இல்லாதப்பச் சும்மாதான கெடக்குது அம்மிணி, கடைல குடுத்துத் தொடச்சு வெக்கச் சொன்னேன்." அவள் வெள்ளகோவிலில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மகளோடு போயிருந்த சமயம். அவள் கேட்காமலேயே அவனாக ஒரு வேலை செய்து வைத்திருக்கிறான் என்று எத்தனை சந்தோசப்பட்டாள், அம்மாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னாள். கழுதை, அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

திருப்பூரில் காற்று என்பது காற்று மட்டும் அல்ல, பாதி பஞ்சு. துணி வெட்டுகிற இடத்தில், தைக்கிற இடத்தில், சாக்கடையில், பால்காரன் மீசையில், எங்கேயும் பஞ்சு. மற்ற ஊரில் ஒரு கம்ப்யூட்டர் ஓடுகிற காலத்தில் பாதிகூட இங்கே ஓடாது, உள்ளே பஞ்சு மெத்தை கட்டி மூச்சு முட்டிச் செத்துப்போகும். துளசிமணி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள், யாரும் சொல்லித்தரவில்லை, ரெண்டு பெட்டியைக் காவு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டாள். வெளியே போகிற காற்றைவிட உள்ளே வருகிற காற்று ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். வருகிற வழியில் கொசுவலையை ரெண்டாக மடித்துக் கட்டிவிட்டால் வடிகட்டிய காற்றாக வரும். உள்ளே காற்று நெருக்கிக்கொண்டு நிற்கும், கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நிற்கிற கூட்டம் மாதிரி, எந்தச் சந்து கிடைத்தாலும் வெளியே பிதுங்கும். எல்லாச் சந்திலும் காற்று வெளியே வந்துகொண்டிருந்தால் தூசி எந்தச் சந்தில் நுழையும்? இதையே தலைகீழாகச் செய்தால், உள்ளே வருவது குறைந்து வெளியே தள்ளுவது அதிகமானால், பெட்டி ஏங்க ஆரம்பித்துவிடும், கண்ட ஓட்டையிலும் வாய் வைத்து உறிஞ்சும், தெருத் தூசி பூராவும் உள்ளே. சூடு குறைய வேண்டுமானால் எல்லாத்தையும் வெளியே தள்ளினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், சமையல்கட்டுப் புகைபோக்கி மாதிரி. அவளும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். கடைக்காரன் அப்படி நினைத்துத் திருப்பி மாட்டியிருக்கலாம். ஆமாம், விவரம் தெரியாத பையன் எவனாவது திருப்பியிருப்பான். பக்கவாட்டுத் தகட்டின் திருகாணியைக் கழற்றினாள். தகடு கையோடு வந்தது. வந்ததும் பார்த்தாள். உள்ளே, பச்சைப் பலகை மேலே, ஒயர் மேலே, இண்டு இடுக்கெல்லாம், மெரூன் கலரில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது.

வெள்ளை இல்லை. வெள்ளைப் பஞ்சு என்றால் ஊர் பூராவும் இருக்கிறது, அதற்கு யாரையும் கேள்வி கேட்க முடியாது. மெரூன். விரலால் எடுத்தாள், வழவழவென்று மயிர் மாதிரி, வெல்வெட்டு மாதிரி இருக்கிற அந்தக் குளிர்காலத் துணியின் தூசி. அந்தத் துணியை இந்தச் சுற்று வட்டாரத்தில் வெட்டித் தைப்பது ஒரே ஒரு கம்பெனி. வருசா வருசம் வெளிநாட்டுப் பண்டிகைக்குப் போகிற ஆர்டர், அந்த ரோட்டுச் சாக்கடையே சிவப்பாக ஓடும், வேலை விட்டு வருகிற பெண்கள் புருவமெல்லாம் சிவந்து வருவார்கள். அந்தக் கம்பெனி லோகநாதனின் அண்ணன் சிவசாமியுடையது. அதே வாசலைவிட்டுத்தான் அவளும் லோகநாதனும் ஒரு நாள் வெளியே வந்தார்கள், மகள் சஞ்சனா அப்போது கைக்குழந்தை, இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். அன்றைக்கு மாடியிலே டிசைன் அறையில் இருந்தவளைக் கீழே கூப்பிட்டு, தையல் மெஷின்களுக்கு நடுவில் நிற்க வைத்து, சிவசாமியின் மனைவி கலாவதி கேட்டாள். ஒரு சின்னச் சட்டையைத் தூக்கிக் காட்டிக் கேட்டாள். துளசிமணி போட்ட கிளி டிசைன், அச்சு அசல் அதே கிளி, வேறொரு கம்பெனி சட்டையில் உட்கார்ந்திருந்தது. "நம்ம ரூமை விட்டு இது எப்படி வெளிய போச்சு? நீ குடுக்காம அதென்ன பறந்தா போச்சு? நெருப்பில்லாம பொகையுமா?" தைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் காலை எடுத்தார்கள், மெஷின் ஒவ்வொன்றாக நின்றது, அந்த அமைதி இன்னும் காதில் இருக்கிறது. தான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. கொடுக்கவில்லை. சாமி சத்தியமாகக் கொடுக்கவில்லை. அப்போதுதான் லோகநாதன் வந்தான், வண்டிச் சாவியை மேஜைமேல் வீசினான், அவள் கையைப் பிடித்தான், எல்லோர் முன்னாலும் சொன்னான்: "இனி இந்த வாசப்படிய மிதிச்சா நான் மனுசனே இல்ல." அந்த ஒரு சொல். அதற்கு அப்புறம் வாடகை வண்டி ஓட்டினான், இந்த ஓட்டு வீட்டில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் அவள் பாத்திரம் வைத்தாள், எதுவும் பெரிசாகத் தெரியவில்லை. கூடப்பிறந்தவனை விட்டுவிட்டு வந்தானே. யார் புருசன் வருவான்? கல்யாண வீடுகளில் கலாவதி எதிரே வந்தால் துளசிமணி தலையை நிமிர்த்தித்தான் நடப்பாள், கலாவதி எதற்கோ சிரித்துக்கொள்வாள். நிமிர்த்த வைத்தது அந்தச் சொல்.

வண்டியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஏன் வரக் கூடாது? ஊரில் இருக்கிற எல்லாக் கம்பெனிக்கும் லோடு அடிக்கிறவன், எந்தச் சாக்குமூட்டையிலிருந்தோ வந்திருக்கும், அவன் சட்டையிலிருந்து வந்திருக்கும். சட்டையிலிருந்து ஒரு பெட்டி நிறையவா வரும்? சர்வீஸ் கடை அந்த ரோட்டில் இருக்கலாம். அந்த ரோட்டில் ஏது கடை, ஒரு டீக்கடையும் ஒரு பஞ்சர் கடையும்தான். புதிசாக வந்திருக்கலாமே, அந்தப் பக்கம் போய் எத்தனை காலம் ஆயிற்று. அவள் தனக்குத்தானே வக்கீலும் வைத்து ஜட்ஜும் வைத்து வழக்கு நடத்திக்கொண்டிருந்தாள், குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த பெட்டிக்குள் முன்பக்கத்து ரெண்டு ஃபேனும் தங்கள் முகத்தை அவளுக்குக் காட்டிச் சுழன்றன. அந்த முகம் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டியது, உள்ளிருந்து பார்த்தால் ஒட்டின லேபிள்தான் தெரிய வேண்டும், ஆக திருப்பி மாட்டியது உறுதி. கீழே இருக்கிற ஃபேனின் நடுவில் மஞ்சளாக ஒரு வளையம் நடுங்கிற்று. கம்பெனிக்காரனே வரைந்த கோடாக இருக்குமோ என்று குனிந்தாள். இல்லை, அவளுடைய ஃபேன் முழுக் கறுப்பு. சுவிட்சை அணைத்தாள். ரெண்டு ஃபேனும் சோம்பலாகச் சுற்றி, மெதுவாகி, இறக்கை இறக்கையாகத் தெரிய ஆரம்பித்தது. மஞ்சள் வளையமும் அதோடு சேர்ந்து சுருங்கிற்று, சுருங்கி, ஃபேன் நின்றபோது ஒரு பக்கமாகத் தள்ளி வைத்த ஒரு சந்தனப் பொட்டாக நின்றது. பொட்டின் நடுவில் குங்குமம்.

சுத்தறதுக்குத்தான் பொட்டு வெக்கோணும். யார் சொன்னது, யார் சொன்னது என்று தேடவே வேண்டியதில்லை, குரலோடு வந்தது. ஆயுத பூசை அன்றைக்குக் கலாவதி சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பூராவும் நடப்பாள். மற்றவர்கள் மெஷினின் தலையில் வைத்தால் அவள் சக்கரத்தில் வைப்பாள், கிரைண்டரில் கல்லுக்கு வைப்பாள், ஸ்டூல் போட்டு ஏறி விட்டத்து ஃபேனுக்கு வைப்பாள். "உக்காந்திருக்கறதுக்கு எதுக்குப் பொட்டு? சுத்தறதுக்குத்தான் வெக்கோணும், அதுதான நமக்குச் சோறு போடுது." அந்தக் காலத்தில் அவள் பின்னாலேயே குங்குமச் சிமிழோடு நடந்தவள்தானே துளசிமணி. அந்தக் கட்டை விரல் அகலம், அந்த அள்ளி அப்புகிற அப்பு, கனம் ஒரு பக்கமாக இழுத்துத்தான் பெட்டி மாவு மில்லாக அதிர்ந்திருக்கிறது. கடைக்காரன் வைத்திருப்பான் என்று வக்கீல் ஒரு தடவை எழுந்து நின்றான். லோகநாதனே வைத்திருப்பான் என்றான். நகத்தால் பொட்டைச் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் பொரிந்து வந்தது, அதற்குள்ளே, மேலே ஒட்டியதாக இல்லாமல் சந்தனத்தோடு சந்தனமாக இறுகிக் கிடந்தது மெரூன் நார். ஈரமாக வைக்கும்போதே அந்தக் காற்றில்தான் வைத்திருக்கிறார்கள். வக்கீல் உட்கார்ந்துவிட்டான். ஆயுத பூசை அன்றைக்கு வெள்ளகோவிலிலிருந்து போன் பண்ணினாளே. பூசை பண்ணினீங்களா என்று கேட்டாளே. "தனியாளா என்ன பூசை போ, ஒரு கற்பூரத்தைக் கொளுத்திக் காட்டுனேன், சுண்டல் பண்ணக்கூட நாதியில்ல" என்று சொன்னானே, அவளுக்கு ஐயோ பாவம் என்று ஆகி, வந்ததும் முதல் வேலையாகச் சுண்டல் அவித்துப் போட்டாளே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் என்று சொல்வார்கள், இவன் வாசலில் உடைத்த பூசணிக்காயையே மறைத்திருக்கிறான். அதுவும் பொட்டு யாருக்கு வைப்பார்கள்? இரவல் வாங்கின சாமானுக்கு யாரும் வைப்பதில்லை. தன்னுடையதுக்குத்தான் வைப்பார்கள். அவள் பெட்டி, அவள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு போட்ட டிசைன் அத்தனையும் அதற்குள்ளே, அதைக் கொண்டுபோய் அந்த அறையில் வைத்து, அது சூடாகிறதென்று காற்றையே திருப்பிவிட்டு, நம்ம சாமான் என்று பொட்டும் வைத்து அனுப்பியிருக்கிறாள் கலாவதி. அவளைத் திருடி என்று சொன்னவள்.

துளசிமணிக்கு அழுகை வரவில்லை. அது வந்தாலாவது தேவலை. அதற்குப் பதில் சில்லறைச் சில்லறையாக என்னென்னவோ வந்தது. போன பங்குனியில் சஞ்சனாவுக்கு ஒரு பாவாடைத் துணி கொண்டுவந்தானே, லோடு ஏற்றின இடத்தில் கொடுத்தார்கள் என்று, எந்த இடம்? ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட உட்கார்ந்து ரெண்டு வாய் பிசைந்துவிட்டுப் பசியில்லை என்பானே, கலாவதி கோழிக் குழம்பு நன்றாகத்தான் வைப்பாள். சிவசாமிக்கு நெஞ்சுவலி வந்த சேதி அவனுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது? அப்போது தெரியாத காரியமெல்லாம் இப்போது வரிசையில் வந்து நின்றது, ஒன்று போனால் ஒன்று, நிற்கவே இல்லை. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்திருந்திருக்கிறான், கால் கழுவித்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறான். இவள் வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவேளை இந்த ஒரு தடவைதானோ. அண்ணன் அவசரம் என்று கெஞ்சியிருப்பானோ. ஒரு தடவை என்றால் மன்னிக்கலாமா? மன்னித்துவிடலாம் என்று நினைத்தபோது கொஞ்சம் மூச்சு வந்தது, வாடகை வண்டி, ஒழுகுகிற ஓடு, அதையெல்லாம் ஒரு தராசில் வைத்தால் ஒரு பெட்டியும் நாலு டிசைனும் என்ன பெரிசு. கத்த வேண்டாம். கேட்டால் போதும். போகட்டும், அந்தச் சொல் ஒரு நாளைக்கு உடைந்தது, மற்ற நாளெல்லாம் நின்றதே. கேட்பாள், அவன் தலையைக் குனிவான், ரெண்டு நாள் பேசாமல் இருப்பாள், தீர்ந்தது. கை தன்பாட்டுக்கு முன்பக்க ஃபேனின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தது. நாலு மூலையும் கழன்று ஃபேன் உள்ளங்கையில் விழுந்தபோது குறட்டை நின்றிருப்பதைக் கவனித்தாள். எப்போது நின்றது என்று தெரியவில்லை.

லோகநாதன் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு வேட்டியை இறுக்கினான். முகத்தில் தலையணைக் கோடு. திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான், அவள் உள்ளங்கையைப் பார்த்தான், அதிலிருந்த பொட்டைப் பார்த்தான். "அத எதுக்குப் பிரிச்ச?" என்றான். "எந்தக் கடைலீங் சர்வீஸ் பண்ணுனீங்க?" என்றாள் அவள், குரல் அவளுக்கே ஆச்சரியமாக, கறிவேப்பிலை வாங்கினீங்களா என்று கேட்கிற மாதிரிதான் வந்தது. அவன் வண்டியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டான். அவள் ஃபேனை அவன் பக்கம் நீட்டினாள். கடைசியில் அவன் தரையில் அவளுக்கு எதிரே குந்தவைத்து உட்கார்ந்துகொண்டு, பெட்டியைத்தான் பார்த்தான். "அண்ணனுக்கு டிசைன் ரூம்ல ஆளு சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டான் துளசி. ஆர்டர் போயிரும்னு அழுவறாரு. கூடப்பொறந்தவரு அழுதா நான் என்ன பண்றது? பூ டிசைன் நாலஞ்சு மட்டுந்தான். ஊட்ல சும்மாதான கெடக்குதுன்னு எடுத்துட்டுப் போனேன். நீ சங்கடப்படுவீன்னுதான் சொல்லல." அவள் எதிர்பார்த்தது இதுதான், கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து இதுதான், மன்னிக்கத் தயாராக வைத்திருந்தது இதைத்தான். சரி என்று சொல்ல வந்தாள். அவன் அவள் முகம் இளகுவதைப் பார்த்துவிட்டு, பாவி, இன்னும் கொஞ்சம் நல்லது செய்வோம் என்று நினைத்துவிட்டான். "அண்ணியும் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல புள்ள. உனக்குன்னு ஒரு சேல எடுத்து வெச்சிருக்குது. எல்லாம் எப்பவோ மறந்துட்டாங்க."

"எத மறந்துட்டாங்க?"

"அதான்... அந்தக் கிளி விசயம். நாந்தான் அப்பவே போய்ச் சொன்னனே. அவ சின்னப் புள்ள, வெவரந்தெரியாமப் பண்ணிட்டா, மன்னிச்சுருங்கன்னு."

"அப்பவேன்னா?"

"நாம இங்க குடி வந்தமல்ல, அந்த வாரமே போயி அண்ணங்கால்ல உளுந்துட்டேன்." அதை அவன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான், அவளுக்காகச் செய்த காரியத்தை இத்தனை காலம் வெளியே காட்டாமல் வைத்திருந்த ஆளுக்குரிய பெருமையோடு. "ஊடு வேண்டாம் பங்கு வேண்டாம், அவளப் போலீசு அது இதுன்னு இழுக்காதீங்கன்னு கேட்டுக்கிட்டேன். அண்ணனும் பெரிய மனசு பண்ணி உட்டுட்டாரு. நா அதச் சொல்லிக் காட்டிருக்கறனா? இத்தன வருசத்துல ஏன் பண்ணுனேன்னு உன்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கறனா?"

கேட்டதில்லை. உண்மைதான். ஒரு நாளும், ஒரு சண்டையிலும், குடித்துவிட்டு வந்த அந்த ரெண்டு தடவையிலும்கூட அவன் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை என்று அவள் நினைத்திருந்தாள். துளசிமணி ஃபேனைத் தரையில் வைத்தாள். உடம்பு பூராவும் எதுவோ வெளியே போய்க்கொண்டிருந்தது, உள்ளே வர ஒன்றுமில்லை. அப்படியானால் கல்யாண வீடுகளில் அவள் நிமிர்ந்து நடந்ததைப் பார்த்துக் கலாவதி ஏன் சிரித்தாள் என்பதும் விளங்கிற்று. அண்ணன் காலில் இவன் விழுந்து வாங்கிக்கொண்டு வந்த தலை. அந்தக் கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். புருசனே ஒத்துக்கொண்டான் என்றால் அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்.

"இப்பக் கேளுங்க," என்றாள்.

"என்னத்த?"

"பண்ணுனயா இல்லயான்னு. ஒரே ஒரு வார்த்த. கேளுங்க, நா சொல்றேன்."

லோகநாதன் அவளைப் பார்த்தான். நிஜமாகவே அன்போடுதான் பார்த்தான், அதுதான் தாங்கவில்லை. கையை நீட்டி அவள் தலையைத் தொட்டு, "உடு அம்மிணி, பழசெல்லாம் எதுக்கு," என்றான். "நாந்தான் அப்பவே மன்னிச்சுட்டனே."